1969 கமாரோ இசட்/28: எது ஆலையிலிருந்து வந்த பாகம், எது பிற்பாடு ஏறியது என்று எப்படி உறுதிசெய்வது?

நார்வுட்69 (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஒஹாயோவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் பல ஆண்டுகளாக அசையாமல் நின்றிருந்த 1969 செவ்ரோலே கமாரோ ஒன்றைச் சென்ற இலையுதிர் காலத்தில் வாங்கினேன். இசட்/28, அதாவது 302 கன அங்குல என்ஜினோடு வந்த வேகப் பதிப்பு, என்று சொல்லித்தான் விற்றார்கள். சக்கர வளைவுகளில் துரு இருக்கிறது, இருக்கைகளை எலி கடித்திருக்கிறது, ஆனால் தரைத்தகடு கெட்டியாக உள்ளது. காரை ஆலையை விட்டு வெளியே வந்த நாளில் இருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. பளபளப்பான கார் எனக்கு வேண்டியதில்லை, சரியான கார்தான் வேண்டும்.

தீத்தடுப்புச் சுவரில் உள்ள ஃபிஷர் பாடி தகட்டில் 03பி என்றும், கீழ் வரிசையில் எக்ஸ்77 டி80 என்றும், நிறத்துக்கு 72 72 என்றும் அச்சாகியுள்ளன. என்ஜினின் வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சிறிய மேடையில் வி0220டிஇசட் என்ற முத்திரை தெரிகிறது (வி என்பது ஃப்ளின்ட் ஆலை, 0220 நாள், டிஇசட் 302 என்ஜின்). அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய காரின் எண் மட்டும் இல்லை. அருகிலுள்ள ஒரு பட்டறையில் காட்டியபோது, அந்த மேடையை மெல்லச் சீவிவிட்டு விடுபட்ட எண்ணையும் சேர்த்துப் புதிதாக அடித்துக்கொள்ளலாம் என்றார்கள். மனம் ஒப்பவில்லை. கை வைப்பதற்கு முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

மிச்சிகன்_கராஜ்

நண்பரே, முதலில் ஒரு வேண்டுகோள். அந்த மேடையில் சீவுளி, எமரி தாள், கம்பிப் பிரஷ் எதுவும் படக் கூடாது. உங்கள் காரின் மிகப் பெரிய சாட்சி அந்த ஒன்றரை அங்குல இரும்புப் பரப்பு. மண்ணெண்ணெயில் நனைத்த பருத்தித் துணியால் அழுக்கை ஊறவைத்துத் துடையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இப்போது தகட்டுக்கு வருவோம். காரின் அடையாள எண்ணை வைத்து அது இசட்/28 என்று யாராலும் சொல்ல முடியாது. 124379என் என்று தொடங்கும் எண்ணில் 1 என்பது செவ்ரோலே, 24 என்பது எட்டு சிலிண்டர் கமாரோ, 37 என்பது கூப்பே, 9 என்பது ஆண்டு, என் என்பது சின்சினாட்டியை ஒட்டிய நார்வுட் ஆலை. 307 என்ஜினோடு கடைக்குப் போன சாதாரணக் காரும் இதே எண்ணோடுதான் போனது. 1968 டிசம்பர் நடுவிலிருந்து நார்வுட் ஆலை தன் தகடுகளில் எக்ஸ் குறியீடுகளை அச்சிடத் தொடங்கியது நம் அதிர்ஷ்டம். எக்ஸ்33 என்றால் அலங்காரத் தொகுப்போடு வந்த இசட்/28, எக்ஸ்77 என்றால் அது இல்லாத இசட்/28. டி80 என்பது முன்னும் பின்னும் உள்ள ஸ்பாய்லர்கள். 72 என்பது ஹக்கர் ஆரஞ்சு நிறம். 03பி என்றால் மார்ச் மாதம் இரண்டாம் வாரம். கலிஃபோர்னியாவின் வான் நைஸ் ஆலையில் செய்த கார்களில் இந்த எக்ஸ் குறியீடே கிடையாது. அப்படிப்பட்ட காரை வாங்கியவர்கள் மற்ற தடயங்களை வைத்துத்தான் வழக்காட வேண்டும்.

ஆனால் தகட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள், ஏனெனில் இந்தத் தகட்டையும் இன்று புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். காரே தகட்டோடு ஒத்துப்போக வேண்டும். பின்பக்கத்தில் வில் பட்டைகள் பல அடுக்காக இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். சாதாரணக் கமாரோவுக்கு ஒற்றைப் பட்டைதான். பின் அச்சின் மூடியில் பன்னிரண்டு போல்ட்டுகள் இருக்க வேண்டும். அச்சுக் குழாயின் முன்புறத்தில், பயணியின் பக்கமாக, ஒரு குறியீடு முத்திரையிடப்பட்டிருக்கும். உங்கள் காருக்கு அது பியு என்று தொடங்கினால் 3.73 விகிதமும் இரு சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் அமைப்பும் கொண்ட பாசிட்ராக்‌ஷன் அச்சு என்று பொருள்.

மேடையில் கார் எண் இல்லை என்று கலங்க வேண்டாம். 1969-இல் அந்த எண்ணைச் சில என்ஜின்களில் மேடையிலும் சிலவற்றில் எண்ணெய் வடிகட்டிக்கு மேலே உள்ள கரடுமுரடான வார்ப்புப் பரப்பிலும் அடித்தார்கள். அங்கே அரை அங்குலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். பொறுமையாக அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

கோவை_லேத்

ஐயா, நான் அமெரிக்கக் கார்களை ஓட்டியவன் அல்லன். கோயம்புத்தூரில் முப்பது ஆண்டுகளாக வார்ப்பிரும்பு என்ஜின் பிளாக்குகளைக் கடைசல் செய்து வாழ்கிறவன். அந்த மேடையைப் படிக்கும் முறையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆலையில் பிளாக்கின் மேற்பரப்பைப் புரோச் என்னும் நீண்ட பல்வரிசைக் கருவியால் ஒரே இழுப்பில் சமப்படுத்தினார்கள். அந்தக் கருவி போன வழியில் முன்னிருந்து பின்னாக, ஒன்றுக்கொன்று இணையாக, மயிரிழை போன்ற கோடுகளை விட்டுச் செல்லும். பட்டறையில் நாங்கள் பயன்படுத்தும் மில்லிங் கட்டர் சுழலும் கருவி, ஆகவே அது வட்டத்தின் வில்களை விடும். சாணைக்கல் பிடித்தால் பரப்பு கண்ணாடிபோல் ஆகிவிடும். எமரி தாளைக் கையால் இழுத்துப் போலியாகக் கோடு போடுகிறவர்களும் உண்டு. அந்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும், ஆழம் ஒரே சீராக இராது, எழுத்துப் பள்ளத்தின் ஓரத்தைத் தொட்டதும் லேசாக மழுங்கும்.

அறையை இருட்டாக்கிவிட்டு ஒரு சிறிய விளக்கை மேடைக்குப் பக்கவாட்டில், ஏறக்குறையப் படுக்கைவாட்டத்தில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கோடுகள் சரிந்த வெளிச்சத்தில் நெல்வயல் வரப்புபோல் எழுந்து நிற்கும். அந்தக் கோடுகள் முத்திரை எழுத்தின் விளிம்புவரை வந்து, பள்ளத்தில் அறுந்து, மறுபக்கத்தில் அதே நேர்கோட்டில் தொடர வேண்டும். எழுத்தைச் சுற்றி இரும்பு சற்றே மேடிட்டிருக்க வேண்டும், ஏனெனில் உளி இறங்கும்போது ஒதுங்கும் உலோகத்துக்குப் போக வேறு இடமில்லை. பழைய எழுத்தைச் சீவிவிட்டுப் புதியதை அடித்திருந்தால் மேடையின் மட்டம் ஹெட் உட்காரும் பரப்பின் மட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கும். நேரான எஃகுப் பட்டையை இரண்டின்மேலும் வைத்து அடியில் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. என்றைக்காவது ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் பிஸ்டனின் ஓட்டத்தை அளந்துவிடுங்கள். 302 கன அங்குல என்ஜினின் விட்டம் 4 அங்குலம், ஓட்டம் 3 அங்குலம், அதாவது 76.2 மில்லிமீட்டர். 350 என்ஜினுக்கும் விட்டம் அதே 4 அங்குலம்தான், ஆனால் ஓட்டம் 3.48 அங்குலம், ஏறக்குறைய 88.4 மில்லிமீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிபோல் இருக்கும். உள்ளே 12 மில்லிமீட்டர் வேறுபாட்டை எந்த முத்திரையாலும் மறைக்க முடியாது.

பழைய_இரும்பு

கோவை ஐயா சொன்னதை நான் எட்டு ஆண்டுகளுக்கு முன் படித்திருந்தால் ஒரு பெரிய தொகை மிஞ்சியிருக்கும். விற்பவரின் பேச்சை நம்பி, டிஇசட் முத்திரை உள்ள பிளாக் ஒன்றைத் தனியாக வாங்கினேன். பிளாக்கை வார்க்கும்போதே அதில் பதிந்த வார்ப்பு எண் 3970010. அது 302-க்கு உரிய எண்களில் ஒன்று என்பதால் மகிழ்ச்சியோடு பணத்தைக் கொடுத்தேன். அதே எண்ணில் 350 பிளாக்குகளை 1970-களின் இறுதிவரை வார்த்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. வார்ப்புத் தேதியின் கடைசி இலக்கம் 9. அந்த ஒற்றை இலக்கம் 1969-ஐயும் குறிக்கும், 1979-ஐயும் குறிக்கும். நான் வாங்கியது பின்னது. முத்திரையில் இருந்த நாளைப் பிற்பாடு நாட்காட்டியில் தேடினேன், அது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையில் ஆலை ஓடியதே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனாலும் அந்த ஒரு கேள்வியை வாங்கும் முன்பே நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே வார்ப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 1969-இன் 302-க்கு 3932386, 3956618, 3970010 என்ற மூன்று வார்ப்பு எண்கள் உண்டு. எது உங்களுடையது என்பதைவிட, அதன் தேதி காரின் தேதிக்கு எத்தனை நாள் முந்தியது என்பதே முக்கியம்.

நார்வுட்69

மூவருக்கும் நன்றி. இரண்டு வார இறுதிகளைக் கீழே படுத்தே கழித்தேன். கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

பிளாக்கின் பின்புறம், கிளட்ச் கூடு சேரும் விளிம்பின் மேல், 3956618 என்ற வார்ப்பு எண் உள்ளது. தேதி பி 11 9. இரண்டாவது எழுத்து இரண்டாவது மாதம் என்பதால் பிப்ரவரி 11, 1969. முத்திரையின்படி ஃப்ளின்ட் ஆலையில் என்ஜினைப் பூட்டியது பிப்ரவரி 20. நாட்காட்டியைப் பார்த்தேன், முன்னது செவ்வாய், பின்னது வியாழன். கார் மார்ச் இரண்டாம் வாரம். வரிசை பிசகவில்லை.

முன்சி என்ற வகைக் கியர்பாக்ஸின் முத்திரையும் பிப்ரவரி 18 என்று படிக்க முடிகிறது. பின் அச்சு பியு, நாள் 0225. ஹோலி கார்புரேட்டரின் மேற்புறத்தில் 4053 என்ற பட்டியல் எண்ணும் அதன் கீழே 921 என்ற இலக்கங்களும் உள்ளன. 1969, இரண்டாம் மாதம், முதல் வாரம் என்று எடுத்துக்கொண்டேன்.

எண்ணெய் வடிகட்டிக்கு மேலே பிசுக்கை ஐஸ் குச்சியால் வழித்தெடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. முதலில் தெரிந்தது 9 என்ற இலக்கத்தின் வால் மட்டுமே. பிறகு 19என், அதன் பின்னால் ஆறு இலக்கங்கள், ஒன்று சற்றுச் சாய்ந்து, ஒன்று பாதி மங்கி. கண்ணாடி வழியே தெரியும் காரின் எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டேன். ஆறும் ஒன்றே. தரையில் படுத்தபடியே என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு அந்த எண்ணால் ஆவது ஒன்றுமில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

சிக்கல் ஒன்று இருக்கிறது. வால்வு மூடிகளைக் கழற்றியபோது இரண்டு ஹெட்டுகளிலும் 3927186 என்ற வார்ப்பு எண்ணே இருந்தது. முனையில் ஒட்டகத்தின் இரட்டைத் திமில்போன்ற அடையாளமும் இரண்டிலும் உள்ளது. இடப்பக்க ஹெட்டின் தேதி பி 6 9, அதாவது பிப்ரவரி 6. வலப்பக்க ஹெட்டின் தேதி எஃப் 17 9, அதாவது ஜூன் 17. கார் ஆலையை விட்டுப் போய் மூன்று மாதம் கழித்து வார்த்த ஹெட் அதில் பிறந்திருக்க முடியாது. இதை மாற்ற வேண்டுமா?

பழைய_இரும்பு

மாற்றத்தான் வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் சொன்ன குறிக்கோள் ஆலை நாளின் நிலை. ஜூன் மாத ஹெட்டை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைப் பயன்படுத்த முடியாது. பிப்ரவரித் தேதியுள்ள 186 ஹெட் தேடினால் கிடைக்கும், சந்தைகளில் நானே பார்த்திருக்கிறேன். விலை அதிகம்தான், ஆனால் நாளை இந்தக் காரை ஒருவர் மதிப்பிட வந்தால் முதலில் மூடியைக் கழற்றி அதைத்தான் பார்ப்பார்.

மிச்சிகன்_கராஜ்

இந்த இடத்தில் நான் உறுதியாக வேறுபடுகிறேன், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நாம் தேதிகளைத் தேடுவது அந்தக் காருக்கு உண்மையில் என்ன நடந்தது என்று அறிவதற்காக. ஜூன் ஹெட் ஒரு செய்தியைச் சொல்கிறது. இந்த என்ஜினை இளைஞன் ஒருவன் 7000 சுற்றுக்கு ஓட்டியிருப்பான், ஒரு வால்வு உடைந்திருக்கும், விற்பனையாளரின் பட்டறை சரியான வார்ப்பு எண்ணிலேயே வேறு ஹெட்டைப் போட்டிருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது. அந்த ஹெட் இந்தக் காரோடு அரை நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு, வேறு எங்கோ சிதைந்துபோன காரிலிருந்து பிப்ரவரி ஹெட்டைக் கொண்டுவந்து மாட்டினால் தேதி பொருந்தும். ஆனால் அது இந்தக் காரின் ஹெட் ஆகாது. பொருந்தும் தேதியுள்ள பாகம் வேறு, பிறப்பிலேயே வந்த பாகம் வேறு. நம்மில் பலர் இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறோம், விற்பவர்களுக்கு அதுவே வசதியாகிவிடுகிறது.

செவ்ரோலே உத்தரவாதக் காலத்தில் மாற்றிக்கொடுத்த பிளாக்குகளில் சிஇ என்ற எழுத்துகளை அடித்துக் கொடுத்தது. அந்தப் பிளாக்குள்ள கார்களைச் சிலர் தாழ்த்திப் பேசுகிறார்கள், சிலர் அந்த எழுத்தையே சீவிவிட்டு டிஇசட் அடிக்கிறார்கள். என் பார்வையில் சிஇ பிளாக் நேர்மையான பாகம், அதைச் சீவியவன் ஒரு உண்மையை அழித்தவன்.

உங்கள் ஹெட்டுகளின் முனையில் திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். 1969-இல் செவ்ரோலே நீளமான தண்ணீர் பம்புக்கு மாறியது, ஆல்டர்னேட்டரை ஓட்டுநர் பக்கத்திலிருந்து பயணியின் பக்கத்துக்குக் கொண்டுபோனது. அதன் தாங்கியைப் பொருத்தவே அந்தத் துளைகள். 1968-இன் ஹெட்டுகளில் அவை கிடையா. துளை இருந்தால் இரண்டு ஹெட்டும் ஆண்டுக்குச் சரியானவை.

ஒரு திருத்தம். முன்சியின் மாத எழுத்துகளை வார்ப்புத் தேதிபோல் எண்ணிவிடாதீர்கள். ஜனவரி முதல் மே வரை முதல் ஐந்து எழுத்துகள் வரிசையாக வரும், ஜூனுக்கு எஃப் கிடையாது, ஹெச்தான். ஜூலைக்குக் கே, ஆகஸ்டுக்கு எம். உங்கள் பெட்டி பிப்ரவரி என்பதால் தப்பித்தீர்கள், ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்கள் ஏமாறக் கூடாது. கியர்பாக்ஸின் உடம்பிலும் கார் எண் இருக்கும், அதையும் தேடுங்கள்.

டொராண்டோ_பனி

ஆவணம் எதுவும் கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லையே. இங்கே கனடாவில் விற்பனையான ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு நிறுவனத்தின் கனடாப் பிரிவிடம் பதிவு இருக்கிறது, கார் எண்ணைக் கொடுத்தால் விருப்பத் தேர்வுகளின் பட்டியலைத் தருகிறார்கள். பான்டியாக் கார்களுக்கு பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் உண்டு. 1967 முதலான ஃபோர்டுகளுக்கு மார்ட்டி அறிக்கை உண்டு, அதனால் மஸ்டாங் வைத்திருக்கும் என் தம்பி ஒரே கடிதத்தில் வேலையை முடித்துவிட்டான். அமெரிக்காவில் விற்ற 1969 கமாரோவுக்கு அப்படிக் கார்வாரியான பதிவு ஒன்றும் நிறுவனத்திடம் இல்லை.

ஆகவே காரோடு வந்த காகிதமே கதி. உத்தரவாதப் புத்தகத்தில் புரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற சிறிய உலோகத் தகடு ஒட்டியிருக்கும், அதில் கார் எண், என்ஜின், கியர்பாக்ஸ், பின் அச்சு ஆகியவற்றின் குறியீடுகள் புடைத்திருக்கும். எலி கடித்த இருக்கையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஆலைத் தொழிலாளர்கள் விட்டுச்சென்ற தாள்கள் சில கார்களில் கிடைத்திருக்கின்றன.

நார்வுட்69

ஹெட்டுகளின் முனையில் துளைகள் இருக்கின்றன. இருக்கையில் தாளின் துணுக்குகள்தான் இருந்தன, எழுத்து எதுவும் தேறவில்லை. உத்தரவாதப் புத்தகம் முந்தைய உரிமையாளரின் குடும்பத்திடம் இருக்கக்கூடும் என்பதால் கடிதம் எழுதியிருக்கிறேன்.

அடுத்த ஐயம் உடல் தகடுகளைப் பற்றியது. வலப்பக்க முன் ஃபெண்டர் அழுகிவிட்டது. புதிய மறுதயாரிப்புப் பாகம் வாங்குவதா, பழைய ஆலைச் சரக்கு என்று சொல்லி விற்பதை வாங்குவதா, அல்லது இருப்பதையே ஒட்டுப்போட்டு மீட்பதா? வெளியேற்றப் புகையில் காற்றைச் செலுத்தும் பம்பும் அதன் குழாய்களும் காரில் இல்லை.

மிச்சிகன்_கராஜ்

ஃபெண்டரின் அழுகல் அடிப்பகுதியில் மட்டும் என்றால் இருப்பதையே வெட்டி ஒட்டுங்கள். மறுதயாரிப்புத் தகடுகள் இன்று மிகவும் முன்னேறிவிட்டன, 1969 கமாரோவின் முழு உடற்கூடே புதிதாகக் கிடைக்கிறது. ஆனாலும் கதவோடு சேரும் இடைவெளியில் பழைய தகடு உட்காரும் பாங்கு வேறு. பழைய ஆலைச் சரக்கு என்று வருவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அது பழுது நீக்குவதற்காகக் கடைகளுக்கு அனுப்பிய பாகம். பூட்டுவரிசையில் ஏறிய பாகத்தோடு அச்சு எண்ணிலோ துளைகளிலோ வேறுபடலாம். உண்மையான நிறுவனப் பாகமாகவும் இருக்கும், உங்கள் காருக்கு நுணுக்கமாகப் பொருந்தாததாகவும் இருக்கும்.

காற்றுப் பம்பை அந்தக் காலத்தில் ஏறக்குறைய எல்லோருமே கழற்றி எறிந்தார்கள், அதனால்தான் இன்று அதன் தாங்கிகள் தங்கம்போல் விற்கின்றன. உங்கள் வெளியேற்றக் குழல் வார்ப்புகளில் குழாய்க்கான திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். துளைகளை அடைத்து வைத்திருந்தால் வார்ப்புகள் அசல், பம்பு மட்டும் போயிருக்கிறது என்று பொருள்.

சின்னச் சாமான்களை விட்டுவிடாதீர்கள். தண்ணீர்க் குழாயின் இறுக்கிகள் கோபுர வடிவில் இருந்தால் அவற்றைக் கழுவி வையுங்கள். தீப்பொறிக் கம்பிகளின் மேல் பேக்கர்டு என்ற பெயரோடு 1-கியூ-69 என்பதுபோல் காலாண்டு அச்சாகியிருக்கும். போல்ட்டுகளின் தலையில் உற்பத்தியாளரின் எழுத்துகள் இருக்கும், ஒவ்வொன்றும் எந்த இடத்திலிருந்து வந்தது என்று எழுதிப் பையில் போட்டுக் கட்டுங்கள். தீத்தடுப்புச் சுவரின்மேல் மெழுகுக் கட்டியால் கிறுக்கிய எண்கள் தெரிந்தால், வண்ணம் அடிக்கும் முன் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள்.

கார் எண் தகட்டைப் பொருத்தியிருக்கும் ரோஜா இதழ்போன்ற ஆணிகளை எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். அந்தத் தகட்டைக் கழற்றுவதும் திருத்துவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகலாம். ஐயம் தீர வேண்டுமானால் ஹீட்டர் பெட்டியைக் கழற்றும்போது அதன் பின்னால் சுவரிலேயே அடித்த எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய_இரும்பு

ஹெட் விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். நண்பர் சொன்ன வேறுபாட்டை நான் ஏமாந்த நாளிலேயே உணர்ந்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பிளாக்கை விற்றவரும் தேதி பொருந்துகிறது என்றுதான் சொன்னார். என்னிடம் 1969-க்குரிய காற்றுப் பம்பின் தாங்கி ஒன்று உபரியாக இருக்கிறது. அளவும் படமும் அனுப்புகிறேன், பொருந்தினால் அஞ்சல் செலவை மட்டும் கொடுங்கள்.

நார்வுட்69

மனமார்ந்த நன்றி. வெளியேற்ற வார்ப்புகளில் எட்டுத் துளைகளும் இருக்கின்றன, எட்டிலும் பித்தளை அடைப்பான்கள் உள்ளன. தாங்கியின் அளவை எதிர்பார்க்கிறேன்.

சென்ற சனிக்கிழமை வலப்பக்க ஹெட்டைக் கழற்றி ஆழமானியால் முதல் பிஸ்டனின் ஓட்டத்தை மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 76 மில்லிமீட்டரை ஒட்டியே நின்றது. கோவை ஐயா சொன்னபடி எஃகுப் பட்டையை வைத்துப் பார்த்ததில் மேடைக்கும் ஹெட் பரப்புக்கும் இடையே வெளிச்சம் வரவில்லை. சரிந்த விளக்கொளியில் கோடுகள் 2 என்ற இலக்கத்தின் வளைவில் அறுந்து மறுபக்கம் தொடர்வதைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

ஜூன் ஹெட்டைப் பட்டறையில் வால்வு இருக்கைகளை மட்டும் செப்பனிடக் கொடுத்திருக்கிறேன், பரப்பைச் சீவ வேண்டாம் என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். அது அதே இடத்தில் திரும்ப ஏறும். காரோடு வைக்கும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அதன் தேதியையும், அது ஆலையில் ஏறியதல்ல என்பதையும் எழுதியிருக்கிறேன். ஹீட்டர் பெட்டி அடுத்த வாரம் வெளியே வரும், அதன் பின்னால் உள்ள எண்ணைப் பார்த்ததும் இங்கே பதிகிறேன்.